ஓடைக்கு இந்தப் பக்கம் மொனஹன்

காரை மறித்த பொலிஸ்காரர் மிகவும் இளையவர். குளிரில் மூக்கு நுனி சிவந்திருந்தது. கையில் ஒரு விளக்கை ஆட்டிக்கொண்டு தெருநடுவில் நின்றார்.

கனடாவில் நத்தார் நெருங்கும் நாட்களில், குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்க லோரன்ஸ் அவெனியூவில் இப்படி மறித்துப் பார்ப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னேரம்தான். ஆனாலும் மார்கழி மாதம், நன்றாக இருட்டிவிட்டது.

காரை ஓட்டியவர் எங்கள் வீட்டுக்காரர் பீற்றர். பக்கத்தில், ஒரு மாதத்துக்கு முன் அயர்லாந்திலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை ரோஸ். பின் சீற்றில் நான், மடியில் மரக்கறிப் பையோடு.

பீற்றர் கண்ணாடியை இறக்கி மாலை வணக்கம் சொன்னார். ரோஸ் அவருடைய முழங்கையைத் தட்டி, "ஹெட்லைற்றை நூர்த்துப்போட்டு உள் லைற்றைப் போடு" என்றார் அடிக்குரலில். நான் அதற்குள் கதவைத் திறந்து ஒரு காலை நிலத்தில் வைத்துவிட்டேன். கையில் அடையாள அட்டை. அதைப் பையிலிருந்து எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"நீங்கள் இறங்கத் தேவையில்லை, மேம். வெளியிலை குளிர்," என்றார் பொலிஸ்காரர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பீற்றரின் மூச்சில் தேநீர் வாசம்தான் வந்திருக்கும். நத்தார் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பீற்றர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன பிடிச்சது?"

ரோஸ் சிரிக்கவில்லை. உடம்பை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். என் கையில் இன்னும் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"உங்கட ஊரிலை இறங்க வேணுமோ?"

"ஓம். ஆமி மறிச்சால் இறங்கி வரிசையிலை நடக்க வேணும். பஸ் வெறுமனே பின்னாலை வரும்."

"எங்களிட்டை இறங்கத் தேவையில்லை. லைற்றை நூர்த்துப்போட்டு, கையைத் தெரியிற மாதிரி வைச்சிருந்தால் காணும்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "எங்கை போறாய், எங்கையிருந்து வாறாய் எண்டு கேப்பினமோ?"

"அதைத்தான் முதல் கேப்பினம்."

"எங்களிட்டையும்," என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். அதுவும் பல்லிடுக்கில் மென்று வரும் ஆங்கிலம். ஆனால் ரோஸ் அன்ரியின் பேச்சு எனக்கு இன்று எங்கள் பேச்சாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

வெக்ஸ்போர்ட்டில் இருந்தாலும் வெக்ஸ்போர்ட்காரர் அல்ல

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு என் கணவர் அருள் முதலில் வந்தார். நான் அடுத்த வருடம் வந்தேன். டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மென்டில் பலரோடு நெருக்கியடித்து இருந்துவிட்டு, வெக்ஸ்போர்ட் பகுதியில் பீற்றரின் வீட்டு பேஸ்மென்டுக்கு மாறினோம்.

பீற்றர் தச்சர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. நாங்கள் அவரை அங்கிள் என்று அழைத்தபோது, யாரைக் கூப்பிடுகிறோம் என்று திரும்பிப் பார்ப்பார். பிறகு அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அயர்லாந்தில் வெக்ஸ்போர்ட் என்று ஓர் இடம் இருப்பதாக அருள் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். "அதுதான் இஞ்ச வீடு வாங்கினீங்களோ?" என்று கேட்டுவிட்டார். பீற்றரின் முகம் மாறிவிட்டது.

"வெக்ஸ்போர்ட் தெற்கு மூலையிலை கிடக்கு. அங்கை கடல் இருக்கு, வெயில் எறிக்கும். நான் மொனஹன்."

எனக்கு அவருடைய கோபம் விளங்கியது. நான் மன்னார்காரி. இந்த நகரத்தில் நான் வாயைத் திறந்தால் எல்லோரும் "யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

மொனஹன் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவர் அதிகம் சொல்லமாட்டார். அயர்லாந்தின் வடக்கு எல்லையை ஒட்டிய ஒரு மாவட்டம். "மழை. சேறு. மேடு. தனிமையான இடம்," என்பார். அவ்வளவுதான்.

அந்தத் தனிமையான இடத்தில், தாய் தகப்பன் விட்டுப்போன பண்ணையில், ரோஸ் தனியாக இருந்தார். கலியாணம் ஆகாதவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவரைக் கனடாவுக்கு எடுத்து, நிலத்தை விற்று, தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பீற்றரின் பல வருட ஆசை. குளிர்காலத்தை மட்டும் கழித்துவிட்டுப் போவதாகச் சொல்லித்தான் ரோஸ் வந்தார். பீற்றரோ மேல்மாடியில் பின்னறைக்குப் புதிதாக வர்ணம் பூசி, தன் கையாலேயே ஒரு கட்டில் செய்து வைத்திருந்தார்.

"நீ வீட்டிலைதானே இருக்கிறாய். அவளோடை கதை. இந்த ஊர் அவளுக்குப் பிடிக்கிற மாதிரிச் செய்," என்று என்னிடம் சொன்னார்.

நான் அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். வேலையை விட்டிருந்தேன். அம்மா இல்லை, அக்கா தங்கை எல்லோரும் கடலுக்கு அப்பால். மேல்மாடியில் ஒரு பெண் துணை இருக்கப்போகிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் அந்தப் பொலிஸ்காரர் மறிக்கும் வரை நாங்கள் இருவரும் பனி பெய்வதைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.

கவிழ்த்த இட்லித் தட்டு

அடுத்த நாள் காலை ரோஸ் அன்ரி கையில் தேநீரோடு படியிறங்கி வந்தார். நான் இட்லித் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

"உன்ர ஊர் எப்பிடி இருக்கும்?"

மன்னாரைச் சொன்னேன். தட்டையான தீவு. மணல், பனை, தெருவில் திரியும் கழுதைகள். முற்றத்தில் நின்றால் கண் போகிற தூரத்துக்கு ஒரு மறைப்பும் கிடையாது.

"எல்லாம் தெரியுமோ?" என்று கேட்டார். நம்ப முடியாதவர்போல் தலையை ஆட்டினார். பிறகு என் கையிலிருந்த இட்லித் தட்டை வாங்கி, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"எங்கட இடம் இது."

சின்னச் சின்ன உருண்டை மேடுகள். ஒன்றைப் போலவே இன்னொன்று. நூற்றுக்கணக்கில். ஒரு காலத்தில் பனிப்பாறை அரைத்துக்கொண்டு போனபோது விட்டுப்போன மண். இரண்டு மேட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஏரி, இல்லாவிட்டால் சதுப்பு. தெருக்கள் நேராகப் போகவே மாட்டா. பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாது. அந்த வீட்டு நாய் குரைப்பது மட்டும் கேட்கும். புகை எழுந்தால் ஆள் எழும்பியாயிற்று என்று அர்த்தம்.

களிமண் நிலம். மழைத் தண்ணீர் இறங்காமல் நிற்கும். கோரை முளைக்கும். வைக்கோலுக்கென்று வெட்டிய புல் காய்வதற்குள் மறுபடியும் நனையும். வேலியெல்லாம் ஒரு முட்செடி, வசந்தத்தில் மஞ்சளாய்ப் பூத்துத் தள்ளும். "அந்தக் கிழமைகளிலை மட்டும் ஆரும் எங்கட நிலத்தைக் குறை சொல்லமாட்டினம்," என்றார்.

பக்கத்துச் சிறுநகரத்தின் பெயரை எழுதிக் காட்டினார். நான் 'குளோன்ஸ்' என்று வாசித்தேன். "குளோனிஸ்" என்று திருத்தினார். ஒரு காலத்தில் நாலு பக்கத்திலிருந்தும் ரயில் வந்து சேரும் சந்தியாம். பாதைகளை மூடியபின் நகரமே சத்தமில்லாமல் போய்விட்டது.

ரயில் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் வெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, இந்தப் பக்கம் தேயிலைக்குத் தட்டுப்பாடு. ரோஸின் தாய், மேலங்கிக்குள் வெண்ணெயை வைத்துக் கட்டிக்கொண்டு ரயில் ஏறுவாராம். சுங்க அதிகாரி எல்லாம் தெரிந்த மனிதர். மழையில் நனைந்த பெண்களை நிலையத்து அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி, பிள்ளைகள் சுகமா, மாடு கன்று ஈன்றதா என்று மெதுவாக ஒவ்வொன்றாக விசாரிப்பாராம். வெண்ணெய் உருகிச் சப்பாத்துக்குள் இறங்கும் வரை.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

ஓடையும் பாலமும்

எல்லை ரோஸ் அன்ரியின் வீட்டுக்குப் பின்னால் ஓடியது. சும்மா ஓர் ஓடை. வீடும் மாட்டுக்கொட்டிலும் மொனஹனில், அயர்லாந்துக் குடியரசில். ஓடைக்கு அப்பால் இருந்த புல்வயல் பெர்மானாவில், இங்கிலாந்து மகாராணியின் ஆட்சியில்.

"என்ர கோழியள் மற்ற நாட்டிலை போய் முட்டையிடும். நான் போய் எடுத்துக்கொண்டு வருவன்."

குளோனிஸிலிருந்து தெற்கே போகும் பெரிய தெரு எல்லையைத் தாண்டும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். பஸ்ஸில் இருப்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஓடையின் மேல் ஒரு சின்னக் கற்பாலம் இருந்தது. அந்தப் பக்கத்துக் கடைக்குப் போக, மில்லுக்குப் போக, நடனத்துக்குப் போக அதுதான் வழி. அந்தப் பக்கத்தில் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்துக்காரருக்கும் இடையே குழப்பங்கள் தொடங்கியபின், எல்லையோரச் சிறு தெருக்களை இங்கிலாந்து இராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. அந்தப் பாலமும் போயிற்று. இரண்டு பக்கத்திலும் கொங்கிரீற் கட்டைகளை நட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரார் ட்ராக்டரில் மண் கொண்டுவந்து பள்ளத்தை மூடினார்கள். இராணுவம் மறுபடி தோண்டியது. மறுபடி மூடினார்கள். பிறகு எல்லோருக்கும் அலுத்துவிட்டது. கூப்பிடு தூரத்துக் கடைக்குப் போக, பெரிய தெருவால் சுற்றி, சோதனைச்சாவடியில் நின்று, காற்பங்கு நாள் செலவழிக்க வேண்டும். செத்தவர்களைக்கூட அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

எங்கள் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் பாலத்தடியில் நானும் வெயிலில் நின்றிருக்கிறேன். அதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கனடாவில் எனக்கு அப்படி ஒரு வசதி அதற்கு முன் கிடைத்ததில்லை.

"அப்ப அந்தப் பக்கத்துப் புல்வயல்?" என்று கேட்டேன்.

"வில்லி பார்க்கிறான்."

வில்லி

ஓடைக்கு அப்பால் இருந்த பண்ணைக்காரர் வில்லி. அவரும் கலியாணம் கட்டாதவர். புரட்டஸ்தாந்துக்காரர். அந்தப் பகுதியில் இது சின்ன விடயம் அல்ல. ஆடி மாதத்தில் அவருடைய ஆட்கள் மேளம் அடித்து ஊர்வலம் போகும் நாளில், ரோஸின் வீட்டார் அவருடைய மாடுகளைக் கறந்துவிடுவார்கள். ஆவணி பதினைந்து, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், வில்லி வந்து ரோஸ் வீட்டு மாடுகளைக் கறப்பார்.

"ஆவணி பதினைஞ்சு எங்களுக்கு மடு மாதா கோயில் திருவிழா," என்றேன்.

"உங்கட மாடுகளை ஆர் கறந்தவை?"

எங்களிடம் மாடு இல்லை என்று சொன்னபோது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தை மாதம் முழுவதும் ரோஸ் அன்ரி என் அடுப்பில் ரொட்டி சுட்டார். குழந்தைக்கு மேற்சட்டை பின்னினார். பிள்ளைப்பேறு என்றால் பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றார். "மாடுகளுக்குத்தான் பாத்திருக்கிறன். பெரிய வித்தியாசம் இராது."

எந்தக் கதையைத் தொடங்கினாலும் அதில் வில்லி வந்தார். சதுப்பில் மாடு இறங்கியபோது வில்லி. கூரை ஒழுகியபோது வில்லி. ஒருநாள் நேராகக் கேட்டேன்.

அவர் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. பாலம் போனபின் வில்லி ஓடையின் மேல் ஒரு பலகை போட்டாராம். பின்னேரம் பால் கறந்து முடித்து, பலகையால் நடந்து வருவார். அடுப்படியில் இருந்து ரேடியோ கேட்பார். தேநீர் குடிப்பார். திரும்பிப் போவார். வருடக்கணக்காக.

"ஏன் கட்டேல்லை?"

"அம்மா இருக்கேக்கை அந்தக் கதையை எடுக்கேலாது. அங்காலை அவனுக்கு எடித் எண்டு ஒரு தமக்கை. எங்கட வீட்டுப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டா. பிறகு எங்களுக்கும் வயது போட்டுது."

"அங்கிளுக்குத் தெரியுமோ?"

"பக்கத்துவீட்டான் மாடு பார்க்கிறான் எண்டு தெரியும்." மாவைத் தட்டி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "பீற்றர் எனக்கெண்டு கட்டில் செய்து வைச்சிருக்கிறான், பிள்ளை. எப்பிடிச் சொல்லுறது?"

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அருளுக்கும் சொல்லவில்லை. உண்மையில், அவர் போகக்கூடாது என்றுதான் நானும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசியில் வந்த அழைப்பு

பீற்றர் வேலைக்குப் போயிருந்தார். ரோஸ் அன்ரி வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். மேலே தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

ஒரு பெண் குரல். விறைப்பான குரல். தன் பெயர் எடித் என்றது. ரோஸின் மாடுகளுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள், என் தம்பி பலகையிலிருந்து வழுக்கி ஓடைக்குள் விழுந்துவிட்டான், இடுப்பெலும்பு உடைந்து எனிஸ்கிலன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றது.

நான் சொல்கிறேன் என்றேன். குரல் போகவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அவன் அவவைத்தான் கேக்கிறான்," என்றுவிட்டு வைத்துவிட்டது.

நான் சொன்னதும் ரோஸ் அன்ரி பனிச்சப்பாத்தோடு படியில் உட்கார்ந்தார். "எந்தப் பக்கத்து இடுப்பு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து மேலே போய்ப் பெட்டியை எடுத்தார்.

பின்னேரம் பீற்றர் வந்தபோது, "நீயும் இரு" என்று ரோஸ் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். சமையலறை மேசையைச் சுற்றி இருந்தோம். வில்லி விழுந்ததையும் தான் திரும்பிப் போவதையும் சொன்னார்.

"மாட்டை வித்துப்போடலாம். அதுக்காகப் போகத் தேவையில்லை," என்றார் பீற்றர்.

"மாட்டுக்காகப் போகேல்லை."

பீற்றருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் கறுத்தது. "அவன் மற்றச் சமயக்காரன்."

"அது எனக்குச் சின்ன வயசு துவக்கம் தெரியும்."

"நீ அங்கை தனிய இருக்கிறாய் எண்டு நான் எத்தினை வருசம் நித்திரை கொள்ளாமல் இருந்தனான் தெரியுமோ?"

ரோஸ் அன்ரி குரலை உயர்த்தவில்லை. "நான் தனிய இருக்கேல்லை, பீற்றர். நீதான் தனிய இருக்கிறாய்."

சுவரில் சூடுகாற்றுக் குழாய் உறுமிக்கொண்டிருந்தது. பீற்றர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம், அங்கிள்."

"உனக்குப் பிள்ளை கிடைக்கப்போகுது. நீயாவது நிக்கச் சொல்லு."

நிற்கச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. வாய்வரை வந்த சொல் அதுதான். ஒரு வார்த்தை நான் கேட்டால் அவர் நின்றிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ரோஸ் அன்ரி என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காரில் திரும்பி என்னைப் பார்த்தாரே, அந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய் என்று வழியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் நாங்கள். இந்த வீட்டுக்குள்ளும் அவரை மறித்து நிறுத்த என்னால் முடியவில்லை.

"அங்கிள், அந்தாள் விழுந்தது அவவின்ர மாட்டுக்குத் தீன் போட வரேக்கை," என்றேன். "அவ போகட்டும். நான் சமாளிப்பன்."

பீற்றர் தச்சு வேலையில் காய்த்துப்போன தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, விமான டிக்கட் பதிவுசெய்யத் தொலைபேசியை எடுத்தார்.

பீற்றர் கண்டுவந்தது

எங்கள் மகள் சித்திரையில் பிறந்தாள். நான் சமாளித்தேன் என்று சொல்ல முடியாது. அழுதேன். பிறகு பழகிக்கொண்டேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ரோஸ் அன்ரி தொலைபேசியில் வந்து, பால் குடிக்கிறாளா என்று முதலில் கேட்டார். பெயரைப் பிறகுதான் கேட்டார்.

வில்லி எழுந்து நடந்தார், ஊன்றுகோலோடு. அந்தக் காலோடு தினமும் பலகையால் வர முடியாது. ஆகவே வந்த இடத்திலேயே தங்கிவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். பாதிரியாரோடும் போதகரோடும் பேசி முடிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

கலியாணத்துக்குப் பீற்றர் போகமாட்டேன் என்றார். பிறகு புதுச் சூட் வாங்கினார்.

திரும்பி வந்தபின் எங்கள் பேஸ்மென்டில் வந்திருந்து சொன்னார். என் மகள் அவருடைய சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டிருந்தாள். சுடச்சுடத் தேநீர் கொடுத்தேன். அது ஆறும் வரை அவர் தொடவில்லை.

கோயிலில் அதிகம் பேர் இல்லையாம். இரண்டு பக்கத்திலும் சிலர் வரமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். பூசை முடிந்து ரோஸின் வீட்டில் சாப்பாடு. கோயிலுக்கு வராமல் சாப்பாட்டுக்கு மட்டும் வர இருந்த வில்லியின் ஆட்களைப் பெரிய தெருவால் சுற்றி வரச் சொல்லியிருந்தது. அன்றைக்குப் பார்த்துச் சோதனைச்சாவடியில் நீண்ட வரிசை. அவர்கள் திரும்பி, தங்கள் பக்கத்து ஓடைக்கரைக்கு வந்து நின்றார்கள். நல்ல உடுப்பு, தொப்பி, கையில் பரிசுப் பொதிகள். நடுவில் அந்த ஒரு பலகை. முதல் நாள் மழையில் ஓடை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது.

பீற்றர் புதுச் சூட்டோடு தண்ணீருக்குள் இறங்கினார். தொடையளவு தண்ணீர். பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் விட்டார்.

கடைசியாக எடித். அவர் சாப்பாட்டுக்குக்கூட வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கறுப்புக் கையுறை போட்ட கையை நீட்டினாராம். பாதி வழியில் நின்று, தண்ணீரைப் பார்த்து, பீற்றரின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

இந்தக் கரையில் கால் வைத்ததும் அவருடைய சப்பாத்து புதைந்துவிட்டது. எடித் குனிந்து அதைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார், கொட்டிலைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார்.

"எங்கட பக்கத்துச் சேறு மாதிரியேதான் கிடக்கு," என்றாராம்.

பீற்றர் ஈரத்தோடு கரையேறி, சூட்டின் மேற்பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து, மண்டியிட்டு, அந்தச் சப்பாத்தைத் துடைத்துவிட்டார்.